நறுக்காத கத்திகள்

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஆண்டுதோறும் நடக்கும் ‘பிளேட் ஷோ’ கண்காட்சிக்கு வரும் சேகரிப்பாளர்களைக் கவனித்தால், கத்தி மீதான உண்மையான பக்தி அதை ஒருபோதும் பயன்படுத்தாமல் இருப்பதுதான் என்று புரியும். அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் ‘மாஸ்டர் ஸ்மித்’ பட்டத்துக்கு வைக்கும் தேர்வைப் பாருங்கள். கத்தி, தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். மரக்கட்டையை வெட்டித் துண்டாக்கிய பிறகும் கை முடியை மழிக்க வேண்டும். கடைசியில் வைஸில் பூட்டி 90 பாகை வளைத்தாலும் ஒடியக் கூடாது. இத்தனை பாடுபட்டுத் தேறியவரிடம் கத்தி வாங்குகிறவர் செய்யும் முதல் காரியம், விரல் ரேகையைத் துடைத்து உறைக்குள் போடுவது. தக்காளி நறுக்கினால் மதிப்பு இறங்கிவிடுமாம்.

ஓவியத்தையும்தான் யாரும் பயன்படுத்துவதில்லை என்பார்கள். மாட்டி வைத்துப் பார்ப்பதே ஓவியத்தின் பயன். பார்ப்பதற்காக எதையும் கூர் தீட்டுவதில்லை. வாங்க ஆளில்லாவிட்டால் கத்தி செய்யும் தொழில் பிழைக்காது என்பது வலுவான வாதம். 1973-ல் அமெரிக்கக் கத்திக் கொல்லர் பில் மோரன், எஃகு அடுக்குகளைச் சேர்த்து அடித்த தம் ‘டமாஸ்கஸ்’ கத்திகளை ஒரு கண்காட்சியில் வைத்த பிறகுதான் அந்தக் கலை அமெரிக்காவில் மறுபிறவி எடுத்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புகழ்பெற்ற கொல்லரின் கத்திக்கு இப்போது பணம் மட்டும் போதாது. குலுக்கலில் பெயரும் வர வேண்டும். பெயர் வந்தவர்களில் சிலர் உடனே கூடுதல் விலைக்குக் கைமாற்றிவிடுகிறார்கள். கலையை வாழவைக்கும் அன்பர்களே, ஊர் திரும்பும்போது அதைக் கைப்பையில் வைத்துவிடாதீர்கள். விமான நிலையத்தில் அது வெறும் கத்திதான்.