ஃபோர் வீல் விழ மாட்டேங்குதா? கேளுங்கள்!

பிக்கப்பில் ஃபோர் வீல் போட்டால் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது, முன்சக்கரம் இழுக்கவில்லை. மெக்கானிக் ‘ட்ரான்ஸ்ஃபர் கேஸே போச்சு’ என்கிறார். நம்பலாமா?
– மாந்தோப்புக்காரர், பலமநேர்

காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் சத்தியம் பண்ணச் சொல்லுங்கள். அவர் தயங்கினால், அவரையே கூட வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்யுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, எஞ்சினை அணையுங்கள். குமிழ் டூ வீலில் இருக்கும்போது கீழே கைவிட்டு, முன் அச்சுக்குப் போகும் ப்ரொபெல்லர் ஷாஃப்டைத் திருப்பிப் பாருங்கள். முன் அச்சு தனியே பிரிந்து சேரும் வகை வண்டியானால் அது சுற்றும். பிறகு எஞ்சினைப் போட்டு, ஃபோர் ஹைக்கு மாற்றி, வண்டியைக் கொஞ்சம் உருட்டி, மறுபடி கல் கொடுத்து அணைத்துவிட்டுத் திருப்புங்கள். இப்போதும் சுற்றினால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் சேரவில்லை. அப்போதும் முழு கேஸையும் கழற்ற அவசரப்பட வேண்டாம். ஃபியூஸ், மாற்றும் மோட்டார், அதன் ஒயர், பேட்டரி வோல்டேஜ் என்று மலிவான சந்தேகங்கள் முதலில்.

ஷாஃப்ட் இறுகிப்போய் அசையவில்லை என்றால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. குற்றவாளி முன் அச்சைச் சேர்க்கும் ஆக்சுவேட்டர். சில வண்டிகளில் அது மின்மோட்டார், சிலவற்றில் வேக்குவம். வேக்குவம் என்றால், எஞ்சின் ஓட, ஃபோர் வீல் போட்ட நிலையில், ஹோஸின் முனையைக் கழற்றிக் கட்டைவிரலை வையுங்கள். உறிஞ்சவில்லையா? ஹோஸ் வெடித்திருக்கும், வால்வு அடைத்திருக்கும், இல்லையென்றால் தோப்பு எலி கடித்திருக்கும். மாங்காய் லோடு இல்லாத மாதங்களில் அதற்கும் பொழுது போக வேண்டுமே.

என் வண்டியின் பின்னால் ‘4x4’ என்று பெரிதாக இருக்கிறது. உள்ளே எங்கு தேடியும் குமிழோ லீவரோ இல்லையே?
– புத்தூர் வாசகர்

ஸ்டிக்கர் நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறது. பழுது உங்களுக்கு முன்னால் அந்த வண்டியை வைத்திருந்தவரிடம்.

திருமலை காட் ரோட்டில் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஃபோர் வீல் போட்டு ஏறினேன். வளைவுகளில் வண்டி முக்கியது. மேலே போனதும் டூ வீலுக்கு மாற மறுத்துவிட்டது.
– பக்தர், சித்தூர்

இறங்கும் பாதை 1944-இலும் ஏறும் பாதை 1974-இலும் திறக்கப்பட்டன. சாதாரண பஸ்ஸே தினமும் ஏறி இறங்கும் தார் ரோடு அது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். பெரும்பாலான பிக்கப்களின் ஃபோர் வீல் இரண்டு அச்சையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். காய்ந்த தாரில் வழியில்லை. முறுக்கு முழுவதும் கியர்களில் ஏறி, பல் பிரியாமல் இறுகிவிடும். ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சில மீட்டர் ரிவர்ஸில் வாருங்கள், தானே விட்டுவிடும். முன்னால் ஒரு சைஸ், பின்னால் ஒரு சைஸ் டயர் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை நேர் ரோட்டிலேயே வரும்.

ஹை விழுகிறது, லோ மட்டும் விழவே மாட்டேன் என்கிறது.
– குப்பம் வாசகர்

ஓடும்போது போட்டிருப்பீர்கள். நிறுத்துங்கள், நியூட்ரலில் வையுங்கள், கிளட்சை முழுதாக மிதியுங்கள், பிறகு மாற்றுங்கள்.

இசுஸு வி-க்ராஸ் நம்ம ஸ்ரீசிட்டியில்தானே செய்கிறார்கள்? நேராக ஆலைக்கே ஓட்டிப்போய்க் காட்டினால் என்ன?
– சத்தியவேடு வாசகர்

2016 ஏப்ரலில் ஆலை திறந்தபோது சித்தூர் மாவட்டம். 2022-இல் மாவட்டம் பிரிந்ததும் திருப்பதி மாவட்டம். உங்கள் ஊர் வண்டி என்ற பெருமை நியாயம்தான். அதற்காகப் பல்வலிக்குப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா? சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

ஃபோர் வீல் விளக்கு எரிகிறது. ஆனாலும் சுவர்ணமுகி மணலில் புதைந்துவிட்டேன்.
– ஸ்ரீகாளஹஸ்தி வாசகர்

ராத்திரியில் ஆற்று மணலில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை, கேட்க வேண்டியவர்கள் கேட்பார்கள். முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் மட்டும் சுழன்றிருந்தால் ஃபோர் வீலில் பழுதில்லை. டிஃபரன்ஷியல் லாக் இல்லாத அச்சு, பிடிப்பில்லாத பக்கத்தைத்தான் வேகமாகச் சுற்றும். ஆக்சிலரேட்டரை விடுங்கள், டயர் காற்றைக் குறையுங்கள், சக்கரத்துக்கு முன்னால் மணலை வாருங்கள். வெள்ளத்தில் இறங்கிய வண்டி என்றால் டிஃபரன்ஷியல் ஆயிலையும் பாருங்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்றுங்கள்.

ஃபோர் வீல்தான் வேண்டும் என்று கூடுதல் பணம் கொடுத்து வாங்கினார் என் கணவர். இன்றுவரை அந்தக் குமிழைத் தொட்டதில்லை.
– இல்லத்தரசி, திருப்பதி

தொடாததால்தான் பாதி வண்டிகளில் அது விழாமல் போகிறது. மோட்டார் துருப்பிடிக்கும், லீவர் புஷ் இறுகும், கனெக்டரில் பச்சை பூக்கும். மாதம் ஒருமுறை மண் பாதையில் ஃபோர் வீல் போட்டுச் சில நூறு மீட்டர் ஓட்டச் சொல்லுங்கள். நேரமில்லை என்பாரானால் சாவியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.