குறிச்சியில் களவொழுக்கம்: இலவச டேட்டிங் ஆப் குறித்து ஓர் ஆய்வு

கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேட்டிங் ஆப்கள் எந்தெந்த வேலைக்குக் காசு கேட்கின்றனவோ, அதையெல்லாம் அகத்திணைத் தோழி சம்பளமில்லாமல் பார்த்தாள்.

ஆய்வுக்களம் கள்ளக்குறிச்சி. உண்மைக் காரணம், என் அக்கா வீடு அந்தப் பக்கம். எழுத்தில் காட்டும் காரணம் வேறு: குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊருக்குப் பெயர், குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல், மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. ‘கள்ள’ என்பது ‘களவு’ என்பதன் திரிபே என்று ஒரு அடிக்குறிப்பும் எழுதி, வெட்கப்பட்டு நானே அடித்துவிட்டேன்.

மாவட்டம் பிறந்தது 2019-இல்தான், துறை பழையது. குறிஞ்சி பாடுவதில் பேர்பெற்ற கபிலர் கடைசியில் வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படும் திருக்கோவிலூர் இங்கேதான் இருக்கிறது. தென்பெண்ணையாற்றில் கபிலர் குன்று இன்றும் நிற்கிறது. பாரி மகளிருக்கு வரன் தேடி அவர் விச்சிக்கோனிடம் போனார், ஆகவில்லை. இருங்கோவேளிடம் போனார், அதுவும் ஆகவில்லை. 261 அடியில் குறிஞ்சிப்பாட்டு எழுதியவரையே இரண்டு பேர் இடப்பக்கம் தள்ளியிருக்கிறார்கள். ஒரு வாரமாக மேட்ச் வரவில்லை என்று என் அக்கா மகன் சோறு வேண்டாம் என்றது அதிகப்படி.

முதல் சோதனை, கச்சிராயபாளையத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில். “ஃப்ரீ ஆப்தான் மாமா” என்றான். திறந்ததும் ஒரு மங்கலான படம். உங்களை ஒருவருக்குப் பிடித்திருக்கிறது என்றது. யார் என்று பார்க்கக் காசு. பஜ்ஜி எண்ணெயைத் துடைத்துவிட்டு இருவரும் உற்றுப் பார்த்தோம். எனக்குப் பச்சைச் சுடிதார் மாதிரி தெரிந்தது. அவனுக்குப் பூனை மாதிரி தெரிந்தது.

எனவே இலவசம் என்ற சொல்லுக்கு இலக்கணம் தேவைப்படுகிறது. டிண்டர், பம்பிள், ஓகேக்யுபிட் போன்றவற்றில் இருவரும் சம்மதித்த பிறகு பேசக் காசு வேண்டாம். யார் விரும்பினார்கள் என்று முன்கூட்டியே பார்க்கவும், நம் படத்தை வரிசையில் முன்னே தள்ளவும்தான் கட்டணம். இதை இலவசம் என்று ஏற்கலாம். பதில் எழுதவே காசு கேட்பதை ஏற்க முடியாது. மூன்றாவது வகை ‘ஏழு நாள் இலவசம்’. எட்டாம் நாள் யுபிஐ ஆட்டோபே பணத்தை எடுத்துக்கொள்ளும். ஆப்பை அழித்தால் மட்டும் அது நிற்காது. சந்தாவை ரத்து செய்து, யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது அலர். அன்று காதலைப் பற்றி ஊர்வாய் பேசிப் பரப்பியது இப்போது ஸ்கிரீன்ஷாட். அதைவிட மோசம், ஆப் காட்டும் தொலைவு. சென்னையில் ‘2 கிலோமீட்டர்’ என்றால் ஒன்றும் விளங்காது. கச்சிராயபாளையத்தில் அது யார் வீடு என்று டீ ஆற்றுகிறவரே சொல்லிவிடுவார். ஆகவே போன் கேட்கும்போது துல்லியமான இடம் என்று கொடுக்காமல், தோராயமான இடம் என்று கொடுப்பது நல்லது. படச் சரிபார்ப்புக் குறி இருந்தாலும், படத்திலிருக்கும் முகமும் ஆளும் ஒன்று என்பதற்கு மேல் அதில் எந்தச் சான்றும் இல்லை.

மடலேறுதல் பற்றித் தனியே சொல்ல வேண்டும். காதல் கைகூடாத தலைவன் பனங்கருக்குக் குதிரையேறித் தெருவுக்கு வருவேன் என்று மிரட்டுவான். அறுபடுவது அவன் உடம்பு. இக்கால மடலில் அறுபடுவது நாம். நேரில் பார்க்காமலே ஆஸ்பத்திரிச் செலவு கேட்பது, கிரிப்டோவில் போடச் சொல்வது, நள்ளிரவு வீடியோ காலில் ஆடையில்லாமல் வரவைத்துப் பதிவுசெய்து பணம் பறிப்பது. இதற்குத் துறை வகுக்க முடியாது, வழிப்பறிதான். தோழி உண்மையை வீட்டாருக்கு எடுத்துச் சொல்வது அறத்தொடு நிற்றல். இந்த இடத்தில் அது சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைப்பது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் கூப்பிட்டால் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.

இரண்டாம் சோதனை தானாக அமைந்தது. சின்னசேலம் பக்கத்துப் பெண் ஒருத்தியோடு பையனுக்கு மேட்ச் ஆகிவிட்டது. கோமுகி அணையில் சாயங்காலம் ஆறு மணிக்குச் சந்திக்கலாம் என்று எழுதியிருந்தான். இரவுக்குறி வேண்டாம், பகற்குறி என்று நான் வாயெடுப்பதற்குள் அந்தப் பெண்ணே மாற்றிவிட்டாள்: சனிக்கிழமை காலை பதினொரு மணி, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம், ஆள் நிறைந்த ஜூஸ் கடை.

கூடவே ஒருத்தி வந்தாளாம். அடுத்த மேசையில் உட்கார்ந்து, லைவ் லொக்கேஷனை யாருக்கோ அனுப்பிவிட்டு, “எங்க வேலை பாக்கறீங்க? ஆதார்ல என்ன பேரு?” என்று இவனைத்தான் முதலில் கேட்டாளாம். கருதுகோள் நிறுவப்பட்டது. மூன்று சாத்துக்குடி ஜூஸுக்கும் அக்கா மகன்தான் காசு கொடுத்தான்.