கடைமடையில நிக்காத மாப்ளே!

என்ன மாப்ளே, மறுபடியும் கார்புரேட்டரைக் கழட்டிப் போட்டுட்டியாமே? நல்லது, சும்மா கிடந்த ஸ்க்ரூவுக்கும் ஒரு வேலை வேணும்ல. முந்தி பிளக்கு மாத்தின, அப்புறம் பேட்டரி மாத்தின. வண்டி தரையில ஒழுங்காத்தான் ஓடுது. வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ரோட்டுல ஏறும்போதுதான் ஜெர்க் அடிச்சு நிக்குது. இதுல பேட்டரி என்னப்பா பாவம் பண்ணுச்சு?

வண்டியைக் குறை சொல்லாத. 1984ல மாருதி வேனா வந்து, 1988ல ஓம்னின்னு பேரு மாறி, 2019 வரைக்கும் கம்பெனி விடாம செஞ்ச வண்டி. 796 சிசி, மூணு சிலிண்டர். எஞ்சினை முன்சீட்டுக்கு அடியிலயே வச்சிருக்கான். அதோட சூடு நீ உக்கார்ற இடத்துக்குத் தெரியுது, மூளைக்குத்தான் இன்னும் ஏறல. உன்னுது கார்புரேட்டர் காலத்து வண்டி, லைட்டு எரிஞ்சு நோயைச் சொல்லாது. நீயாத்தான் கண்டுபிடிக்கணும். அங்கதான் எனக்குக் கவலையே.

கடைமடை வயல்ல பயிர் வாடினா என்ன செய்வ? பயிரைப் புடுங்கிட்டு வேற நடுவியா? கண்மாய்ல தண்ணி இருக்கா, மடை திறந்திருக்கான்னு பார்த்துட்டு வாய்க்காலோடவே நடந்து வருவ. அடைச்ச இடத்துல மம்பட்டியைப் போடுவ. பெட்ரோலுக்கும் அதே வழிதான். டாங்கு, மூடி, டியூப்பு, பில்டர், பம்பு, கடைசியாத்தான் கார்புரேட்டர்.

முதல்ல டாங்குல பெட்ரோல் இருக்கா? சிரிக்காத. பழைய வண்டி முள்ளை நம்பி நடுரோட்டுல நின்னவன் நிறைய. அடுத்து மூடி. வண்டி நின்னதும் மூடியைத் திற. ‘உஸ்’ஸுன்னு காத்து உள்ள போயி, வண்டியும் உடனே கிளம்புச்சுன்னா நோய் அங்கதான். பெட்ரோல் காலியான இடத்துக்குக் காத்து வரணும். வர்ற துவாரம் அடைச்சிருந்தா பம்பு எதைத்தான் இழுக்கும்?

அப்புறம் ரப்பர் டியூப்பு. டாங்குல இருந்து பம்பு வரைக்கும் உறிஞ்சுற பக்கம். அங்க வெடிப்பு இருந்தா எஞ்சின் ஓடும்போது பெட்ரோல் வெளிய சொட்டாது, காத்துதான் உள்ள போகும். தரை காஞ்சு கிடக்கும், நீயும் “லீக்கே இல்ல மாமா”ன்னு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு வருவ. ஒழுகாத ஓட்டைதான் பொல்லாதது. இப்ப பங்க்ல ஊத்துற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் இருக்கு. 2023ல அது வர ஆரம்பிச்சது, உன் டியூப்பு அதுக்கும் மூத்தது. பழைய ரப்பர் எத்தனால்ல ஊறிப் போகும். எத்தனால் ஈரத்தையும் இழுத்து வச்சுக்கும். மாசக்கணக்கா நிறுத்தி வச்ச வண்டியில டாங்கு துருப்பிடிக்கும், அந்தத் துரு பில்டர்ல வந்து உக்காரும்.

தரையில எஞ்சினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும், ஏத்தத்துல நிறைய கேக்கும். பாதி அடைச்ச பில்டர் மலையிலதான் காட்டிக் கொடுக்கும். பில்டர் விலை நீ சாப்பிடுற ஒரு பிரியாணிக்கு ஈடாகாது, அதை மாத்த மனசு வரல. பேட்டரிக்கு மட்டும் கடன் வாங்குற! புதுசு போடும்போது அதுல உள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கணும்.

பில்டரும் நல்லா இருந்தா பம்பைப் பாரு. எஞ்சின் ஆறட்டும். பீடி குடிக்கிற உன் மச்சானைத் தெருக்கோடிக்கு அனுப்பிரு. காயில் வயரைப் புடுங்கிட்டு, கார்புரேட்டருக்குப் போற டியூப்பைக் கழட்டி பாட்டில்ல விடு. செல்ஃப் அடிச்சா விட்டு விட்டுப் பீச்சணும். சொட்டு சொட்டா வந்தா பம்பு படுத்துருச்சு. ஆயில் குச்சியையும் மோந்து பாரு. பெட்ரோல் வாடை அடிச்சா பம்புக்குள்ள இருக்குற டயாபிராம் கிழிஞ்சு பெட்ரோல் ஆயில்ல கலக்குதுன்னு சந்தேகப்படு. அதோட ஓட்டினா எஞ்சினே போயிரும்.

மத்தியான வெயில்ல நின்னு, ஆறினதும் தானா கிளம்புதா? பைப்புக்குள்ள பெட்ரோல் ஆவியாயிருக்கும். அரை மணி நேரம் நிழல்ல கிட, வண்டியும் ஆறும், நீயும் ஆறுவ. இம்புட்டும் பார்த்த பிறகுதான் கார்புரேட்டரைத் தொடணும். அப்பவும் ஜெட்டுல கம்பியை விட்டுக் குடையாத. ஓட்டை பெருசானா மைலேஜ் குறையும்.

ஒரு நேரத்துல ஒரு சாமானை மட்டும் மாத்து, ஓட்டிப் பாரு, அப்புறம் அடுத்தது. நாலையும் ஒண்ணா மாத்தினா எதனால சரியாச்சுன்னே தெரியாது, அடுத்த தடவையும் அதே நாலையும் வாங்குவ. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் உன் காசுல மகளுக்குக் கல்யாணமே முடிச்சிருவான். பத்திரிகைகூட வைக்க மாட்டான் மாப்ளே.