அந்தக் காலத்துல பொறந்திருக்கணுமாம்!

ஏண்டா பேராண்டி, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அந்த ‘பான் ஆம்’ நாடகத்த ராப்பகலாப் பாக்குற. முடிஞ்சதும், "அந்தக் காலத்துல பொறந்திருக்கணும் தாத்தா"ன்னு பெருமூச்சு விடுற. 2011-ல அமெரிக்கா ஏபிசி டிவிக்காரன் எடுத்த கதை, நடக்குறது 1963-ல. நீல உடுப்பும் வெள்ளக் கையுறையும் குட்டித் தொப்பியுமா நாலு ஏர்ஹோஸ்டஸ் பொண்ணுக வரிசையா வந்தா ஏர்போர்ட்டே வாயப் பொளக்குது. நீயும் சேந்து பொளந்துட்ட.

விமானமும் லேசுப்பட்டதில்லதான். 1958 அக்டோபர்ல பான் ஆம் விமானக் கம்பெனிக்காரன் போயிங் 707-ஐ நியூயார்க்குலருந்து பாரிசுக்கு விட்டான் பாரு, நாள்கணக்காக் கப்பல்ல மெதந்த சனமெல்லாம் ராத்திரி ஏறி மறுநாள் பிரான்சுல எறங்குச்சு.

சரி, அந்தப் பொண்ணுகள எடைமெஷின்ல ஏத்துனானே, கவனிச்சியா? இடுப்ப இறுக்குற கர்டில் உள்ள இருக்கான்னு தட்டி வேற பாப்பாக. சந்தையில மாட்டுத் தரகன் பல்லப் பிடிச்சுப் பாப்பானே, அதே கை! காலேஜு படிச்சிருக்கணும், இன்னொரு பாஷை பேசணும்னு தேடி எடுத்த பொண்ணுக அதுக. கேட்டது படிப்பு, நிறுத்தது ஒடம்பு.

கதையில லாராங்கிற பொண்ணு மணக்கோலத்துல கல்யாணத்த விட்டு ஓடிவந்து இந்த வேலையில சேருது. கெட்டிக்காரி! அன்னைக்கு அமெரிக்காவுல பல விமானக் கம்பெனியில தாலி ஏறுனா வேலை எறங்கிரும். சிலதுல 32 வயசு முடிஞ்சாலே வீட்டுக்கு அனுப்பிருவான். லாராவோட அக்கா கேட், காப்பி ஊத்திக்கிட்டே சிஐஏவுக்கு ஒற்று வேலையும் பாக்குது. ரெண்டு வேலை பாத்தாலும் எடை மட்டும் ஏறக்கூடாது.

அப்புறம், அந்தக் காலத்து விமானத்துக்குள்ள சிகரெட்டுப் பொகை அப்பிக் கெடக்கும்டா. நாடகத்துல முக்கியமான ஆளு ஒருத்தர் கையிலயாவது சிகரெட் இருந்துச்சா? பழசத் தொடச்சு எடுத்துக் காட்டுனா எந்தக் காலமும் பொற்காலந்தான்.

இன்னொரு கூத்தக் கேளு. இந்த வேலை எனக்கும் குடுன்னு ஒரு ஆம்பள பான் ஆம் மேல கேஸ் போட்டான். பயந்த பயணிக்கு ஆறுதல் சொல்லப் பொம்பளதான் தோதுன்னு கம்பெனி வாதாடுச்சு. கோர்ட்டு 1971-ல என்ன சொல்லுச்சு தெரியுமா? விமானத்தோட வேலை ஆளப் பத்திரமாக் கொண்டு சேக்குறது, மத்ததெல்லாம் பெறகுன்னுட்டு அவன் பக்கம் தீர்ப்பக் குடுத்துருச்சு. அந்தக் கம்பெனியும் 1991-ல மூடியாச்சு. நாடகம் 14 எபிசோடோட முடிஞ்சுபோச்சு. நீதான் இன்னும் எறங்காம உக்காந்திருக்க.

ஆசப்படு, வேண்டாங்கல. ஆனா அந்தக் காலத்துக்குப் போறேன்னு சொல்ற பயலுக எல்லாம் கேப்டன் சீட்டுலயோ சன்னலோரத்துலயோதான்டா உக்காருறீக. தட்டத் தூக்கிக்கிட்டு, ஹை ஹீல்ஸ் செருப்போட, அட்லாண்டிக்க நடந்தே கடந்தவ எடத்துல எவனாவது நிக்கிறேங்கிறானா?

போ, எந்திரிச்சு தின்ன தட்டக் கழுவி வையி. ஒங்கம்மா ஒண்ணும் ஏர்ஹோஸ்டஸ் இல்ல.