மஞ்சாடி, செவ்வு, புள்ளி: மன்னார்த் தீவில் உடல் மெலிதல் பற்றிய ஒரு பூர்வாங்க ஆய்வு

சாப்பாட்டைப் புள்ளியாக்கி எண்ணி மெலிகிற முறை 1997இல் அமெரிக்காவில் பிறந்தது என்பது இத்துறையில் யாரும் கேள்வி கேட்காத கொள்கை. இக்கட்டுரை கேட்கிறது. நிறையைப் புள்ளியாக மாற்றும் கணக்கு அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே மன்னார் வளைகுடாவின் ஓரத்தில், சிலாபத்துறை, மரிச்சுக்கட்டி மணலில் அன்றாட வழக்கில் இருந்தது. அமெரிக்கர்கள் செய்ததெல்லாம் தராசிலிருந்து முத்தை இறக்கிவிட்டுப் பாணை ஏற்றியதுதான். துணிச்சலான கருதுகோள், ஆதாரம் கீழே வருகிறது.

முதலில் ஆய்வுப்பொருள். வசதிக்காக ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். ஊர் பேசாலை. படிப்பு வவுனியாப் பல்கலைக்கழகத்தில். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான இடம். கிழமை நாளில் போர்டிங் சாப்பாடு, அது வாய்க்கு ஒத்துவராத இரவுகளில் கொத்துரொட்டி, வெள்ளி பின்னேரம் மன்னார் பஸ். முதலாம் வருடம் முடிவதற்குள் சட்டைகள் இறுகத் தொடங்குகின்றன. நத்தாருக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சாள் தன் பழைய புள்ளி அட்டையைக் கையில் கொடுத்து, கைபேசியில் செயலியையும் இறக்கிவிட்டு, “நான் இதிலைதான் மெலிஞ்சனான், நீயும் பாவிச்சுப் பார் மச்சாள்” என்கிறாள். மாதிரியின் அளவு ஒன்று. கட்டுப்பாட்டுக் குழுவாக அதே வீட்டுத் தம்பி: எதைத் தின்றாலும் விலா எலும்பு தெரிகிறவன்.

இனி வரலாறு. நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜீன் நைடெச் என்றொரு குடும்பப் பெண் இருந்தார். 1961இல் அவர் நிறை 214 இறாத்தல், அதாவது 97 கிலோ. கடையில் சந்தித்த பெண்ணொருத்தி, பிள்ளை எப்போது பிறக்கப்போகிறது என்று அன்பாக விசாரித்தாள். நைடெச் கர்ப்பிணியாக இருக்கவில்லை. அவர் மாநகரச் சுகாதாரத் துறையின் கிளினிக்குக்குப் போனார். அங்கே கிடைத்தது டொக்டர் நோர்மன் ஜொலிஃப் வகுத்த உணவுமுறை. குளியலறை அழுக்குத்துணிக் கூடைக்குள் பிஸ்கட் ஒளித்துவைத்துத் தின்றவர் அவர். அதை வாய்விட்டுச் சொல்ல ஆள் வேண்டும் என்று ஆறு சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிட்டார். 1963இல் அந்தக் கூட்டம் ‘வெயிட் வாச்சர்ஸ்’ என்ற கம்பனியாயிற்று. அப்போது புள்ளி கிடையாது, கட்டளைதான்: கிழமைக்கு ஒருமுறை ஈரல், ஐந்துமுறை மீன். கிழமைக்கு ஐந்து தரம் மீன் என்பது நியூயோர்க்கில் வைத்தியம். பேசாலையில் அது கடல் கொந்தளித்த கிழமை.

புள்ளி 1997இல் வந்தது. கலோரியை 50ஆல் வகுக்க வேண்டும். கொழுப்பின் கிராமை 12ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும். நார்ச்சத்தின் கிராமை, அது நாலுக்கு மேற்பட்டால் நாலென்றே கொண்டு, 5ஆல் வகுத்துக் கழிக்க வேண்டும். வருவதை முழு எண்ணுக்கு அருகாக்கினால் அதுவே புள்ளி. ஆரம்ப காலத்தில் ஆளின் நிறையைப் பொறுத்துப் பெரும்பாலோருக்கு நாளுக்கு இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட தொகை கொடுக்கப்பட்டது. இந்தக் கூட்டல் கழித்தலுக்கு 2000இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய எந்தப் பிள்ளையும் செய்யக்கூடிய கணக்குத்தான். முதலில் போய்ப் பதிந்தவருக்கே கணக்குச் சொந்தம்.

சூத்திரத்தை நம் சாப்பாட்டில் போட்டுப் பார்க்கலாம். ஒரு இறாத்தல் பாண், 450 கிராம், ஏறக்குறைய 1,190 கலோரி: 24 புள்ளி. ஒருநாள் சீவியம் அதோடு சரி. கால் இறாத்தல் பாண் 6 புள்ளி. தொட்டுக்கொள்ளும் பருப்புக்கறி தனி. சோற்றுப் பார்சலில் சோறு மட்டும் 400 கிராம் இருந்தால் 10. ஒரு பிடி தேங்காய்ப்பூ, 50 கிராம் என்று வையுங்கள், 4. அதைச் சம்பலாக இடித்து இடியப்பத்தோடு சேர்க்கும்போது யாரும் 50 கிராமில் நிற்பதில்லை.

முக்கியமான கண்டுபிடிப்பு பிளேன்டீயில் கிடைத்தது. ஒரு தேக்கரண்டி சீனி 16 கலோரி. ஐம்பதால் வகுத்தால் 0.32, அருகாக்கினால் பூச்சியம். மூன்று கரண்டி போட்டால் 0.96, அது 1. ஆகவே மூன்று கரண்டி சீனியை ஒரே கோப்பையில் குடித்தால் ஒரு புள்ளி. அதே மூன்று கரண்டியைக் காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று கோப்பையில் பிரித்துக் குடித்தால் புள்ளியே இல்லை. சீனி அதே சீனி, வயிறு அதே வயிறு. இந்த ஓட்டையை அமெரிக்கர்கள் கண்டுபிடித்து அனுபவிக்கச் சில காலம் எடுத்தது. மன்னார்க் கரை இதைச் சூத்திரமாகவே வைத்திருந்தது.

முத்துக்குளிப்புக் காலத்தில் முத்தைச் சும்மா நிறுத்து விலை பேசுவதில்லை. முதலில் துளையிட்ட பித்தளைப் பெட்டிகளில் சலிப்பார்கள்: இருபது துளைப் பெட்டி தொடங்கி ஆயிரம் துளைப் பெட்டி வரை. பிறகு உருவமும் ஒளியும் பார்த்து ஆணி முதல் தூள் வரை தரம் பிரிப்பார்கள். நல்ல முத்துகளின் நிறையை மஞ்சாடியில் பார்த்து, அதைச் செவ்வு என்ற வேறொரு கணக்குக்கு மாற்றி, செவ்வுக்கு இவ்வளவு என்று விலை வைப்பார்கள். கணக்கு இது: மஞ்சாடியின் வர்க்கத்தை முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்து, அதில் முக்கால் பங்கு எடுக்க வேண்டும். நாலு மஞ்சாடியில் ஒரே முத்து என்றால் நாலின் வர்க்கம் 16, முக்கால் பங்கு 12 செவ்வு. அதே நாலு மஞ்சாடி நாலு முத்தாகக் கிடந்தால் 16ஐ நாலால் வகுத்து முக்கால்: 3 செவ்வுதான். மொத்த நிறை ஒன்று. துண்டாகிவிட்டால் மதிப்பு கால்வாசி.

இதுவே பிளேன்டீ விதி. ‘கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் கணக்கில்லை’ என்ற கோட்பாட்டை வீடுகளில் எல்லோரும் நம்புகிறார்கள். அடுப்படியில் வாய்ப்பன் பொரித்துக்கொண்டே உடைந்ததை வாயில் போடும் அம்மாமார் அதன் முதுநிலை ஆய்வாளர்கள். அந்த நம்பிக்கைக்கு எழுத்தில் ஒரு கணித அடிப்படை உண்டென்றால் அது முத்துச் சந்தையில்தான். சந்தை சிறியதல்ல. 1905இல் மட்டும் எட்டுக் கோடி சிப்பியளவில் எடுத்தார்கள். அடுத்த வருடம் முத்துச்சிப்பிப் பார்களை லண்டன் கம்பனியொன்றுக்கு இருபது வருடக் குத்தகைக்கு விட்டார்கள். இரண்டொரு வருடத்தில் சிப்பி ஓய்ந்துபோயிற்று. அந்த 1906இல் மரிச்சுக்கட்டி முகாமில் கடமை பார்த்த இளம் உத்தியோகத்தர்களில் ஒருவர் லெனாட் வுல்ஃப், பிற்காலத்தில் வர்ஜினியா வுல்ஃபின் கணவர். சுழியோடியின் சிப்பி மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். இரண்டு பார்களை வைத்திருப்பவருக்கு, ஒன்று மூச்சடக்கியவருக்கு. எண்ணிப் பங்கிடும் வேலை எவ்வளவு சலிப்பானது என்று புள்ளி அட்டை நிரப்பும் எந்த மாணவியும் வுல்ஃபுக்குச் சொல்லியிருப்பாள்.

ஒரு கிளைக்குறிப்பு. உடற்திணிவுச் சுட்டிக்கு அடிப்படை போட்டவர் பெல்ஜியத்துக் கெட்லே. பெயர் வைத்தவர் 1972இல் அன்செல் கீஸ். அதில் நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறார்கள். செவ்வில் நிறையே வர்க்கமாகிறது. முத்து கனத்தால் கொண்டாட்டம், பெண் கனத்தால் கிளினிக் என்பதைத் தவிர இரண்டும் உறவுமுறைக் கணக்குகள். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் ஆசிய உடம்புகளுக்கு 23இலேயே எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. மற்றவர்களுக்கு 25 வரை பொறுக்கிறார்கள். எனவே பேசாலைப் பிள்ளை 24இல் எச்சரிக்கைக்குரியவள்; ரொறன்ரோவில் அவள் மச்சாளின் அயல்வீட்டு வெள்ளைக்காரி அதே 24இல் ஆரோக்கியவதி. இந்தச் சுட்டிகள் எதுவும் பள்ளிமுனையில் செல்லாது. அங்கே நிற்கும் பெருக்கமரத்தின் இடுப்பளவு 19 மீற்றருக்கு மேல், உயரம் அதில் பாதிகூட இல்லை. அதைப் பார்க்க பஸ் பிடித்து வருகிறார்கள்.

களஆய்வுக்கு வருவோம். மாணவியின் முதல் இடையூறு தராசு. பேசாலைக் கரையில் தராசுக்குப் பஞ்சமில்லை. வாடிகளில் பாரையும் சூடையும் கணவாயும் கிராம் தவறாமல் நிறுக்கப்படும். ஐம்பது கிராமுக்குச் சண்டை வரும். அதே மீன் அடுப்படிக்குள் நுழைந்ததும் நிறை என்ற குணத்தையே இழந்துவிடுகிறது. அதன் பிறகு ‘ஒரு துண்டு’, ‘ரெண்டு அகப்பை’, ‘கண் அளவு’. மாணவி ஒரு சின்ன மின்தராசை வாங்கிவந்து கோப்பையை அதன்மேல் வைத்தாள். அம்மா அகப்பையோடு அப்படியே நின்றார்.

“சோத்தை நிறுத்துப் போடுறதோ? இதென்ன சங்கக்கடையோ?”

அத்தோடு முடியவில்லை. அவள் இரண்டு கிலோ மெலிந்ததும் பூசைக்குப் போன இடத்தில் மூன்று பேர் தாயிடம் விசாரித்தார்கள்: பிள்ளை ஏன் வாடிப்போச்சு, போர்டிங்கில சாப்பாடு சரியில்லையோ. அமெரிக்க முறையில் கூட்டம் மெலிந்தவருக்குக் கைதட்டும். இங்கே கூட்டம் இன்னொரு அகப்பை போடும். நைடெச் ஆறு சிநேகிதிகளைக் கூப்பிட்டதில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது என்பது என் துணிபு; சூத்திரம் பிறகு வந்த சில்லறை. அந்த ஆறு பேரும் பேசாலைக்காரிகளாக இருந்திருந்தால் கம்பனி 1963இல் பிறந்திராது. சாப்பாட்டுக்கடை ஒன்று பிறந்திருக்கும்.

இரண்டாவது இடையூறு கம்பனியே. அது விதியை மாற்றிக்கொண்டே இருந்தது. 2010 இறுதியில் பழங்களுக்குப் புள்ளி இல்லை என்றார்கள். 2017 டிசம்பரில் முட்டை, பருப்பு, தோலில்லாக் கோழி நெஞ்சு, மீன், இறால், நண்டு என்று இருநூறுக்கு மேற்பட்டவை பூச்சியமாயின. ஒரே அறிவிப்பில் மன்னார்க் கடல் முழுவதும் இலவசம். மாணவி துள்ளினாள். பிறகு அடிக்குறிப்பு வாசித்தாள்: மீனுக்குத்தான் பூச்சியம்; பொரித்த எண்ணெய்க்குக் கரண்டிக்கு ஒன்று. தேங்காய்ப்பாலுக்கு மன்னிப்பே இல்லை. ஆனால் எந்தப் பால்? முதற்பாலா, இரண்டாம் பாலா, கப்பிப்பாலா? ஒரே சட்டியில் மூன்றும் வெவ்வேறு நேரத்தில் விழுகின்றன. செயலியில் ‘தேங்காய்ப்பால்’ என்று ஒரேயொரு பெட்டி. பழத்திலும் இதே சிக்கல். பழத்துக்குப் பூச்சியம், வற்றலுக்குப் புள்ளி என்பது சட்டம். அப்படியென்றால் பனம்பழம் இலவசம்; அதைப் பிசைந்து பாயில் ஊற்றிக் காயவைத்த பனாட்டுக்குக் கட்டணம். இடையில் நடந்தது வெயில் மட்டுமே. மன்னாரில் வெயிலுக்கும் வரி என்பது புதிய செய்தியல்ல என்று மாணவியின் அப்பா சொன்னார்.

பொதிகளில் வருபவை லேசு. இலங்கையில் 2016 ஆகஸ்ட் முதல் மென்பானப் போத்தல்களில் சீனிக்கு நிறம் போட வேண்டும்: நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சிவப்பு, 2 வரை இறங்கினால் செம்மஞ்சள், அதற்கும் கீழே பச்சை. மூன்றே மூன்று புள்ளிகள் கொண்ட முறை. எந்தச் செயலியை விடவும் வேகமாக வாசிக்கலாம். கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ரோல்ஸுக்கும் மாலு பணிசுக்கும் நிறம் கிடையாது. எல்லாம் பொன்னிறம்.

தீவுக்கு இதைவிட மூத்த திட்டங்கள் உண்டு என்பதையும் குறிக்க வேண்டும். கத்தோலிக்க வீடுகளில் தவக்காலத்து ஒருசந்தி, சுத்தபோசனம். எருக்கலம்பிட்டி, தாராபுரம் பக்கம் நோன்பு. பாலத்துக்கு அப்பால் திருக்கேதீச்சரத்தில் சிவராத்திரி. இவற்றில் புள்ளிகளை வைத்திருப்பவர் வேறொருவர். அவர் முழு எண்ணுக்கு அருகாக்குவதில்லை. சந்தாவும் இல்லை. வெயிட் வாச்சர்ஸோ மெலியும் ஊசிமருந்துகளின் போட்டியில் இளைத்து, 2025 மேயில் நூறு கோடி டொலருக்கு மேற்பட்ட கடனோடு நீதிமன்றத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டது.

மாணவியின் கணக்கு கடைசியில் தடுமாறியது கூழில். ஒடியல் மா, நண்டு, இறால், மீன்தலை, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, பழப்புளி, செத்தல் மிளகாய்: பாதி பூச்சியம், பாதி புள்ளி, எல்லாம் ஒரே பானை. பானையைப் பிரித்து எண்ண வழியில்லை. செயலியில் ஒடியல் என்ற பொருளே இல்லை. வட்சப்பில் ரொறன்ரோவைக் கேட்டாள். பதில் உடனே வந்தது: “மரக்கறி சூப் எண்டு போடு மச்சாள். நானும் அப்பிடித்தான் போடுறனான்.” போட்டாள். பூச்சியம் என்றது செயலி; எத்தனை கோப்பை என்று கேட்டது. கூழ் குடித்தது பிளாவில். பிளாவின் கொள்ளளவு மடித்த ஓலையின் அகலத்தைப் பொறுத்தது. ஓலை வெட்டியவர் அம்மம்மா. பேரனுக்கு வெட்டிய ஓலை பேத்தியின் ஓலையை விட அகலம் என்ற முறைப்பாடு அந்த வீட்டில் ஏற்கெனவே நிலுவையில் கிடக்கிறது. அம்மம்மா இதுவரை விளக்கம் எதுவும் சமர்ப்பிக்காததால், ஆய்வின் இரண்டாம் பாகம் பிற்போடப்பட்டுள்ளது.