வெறுங்கூட்டுக்குக் கரை தேடும் இயல்

இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடும் நேரோபோட் என்னும் ஒடுங்கிய படகை வெறும் எஃகுக் கூடாக வாங்கி, உள்ளே தரை, சுவர், அடுப்படி, கட்டில், கழிப்பறை அனைத்தையும் தம் கையாலேயே செய்து குடியேறத் துணிவோர் உளர். கூடு வாங்கப் பணம் திரட்டுவது எப்படி, தச்சுவேலை கற்பது எப்படி என்று சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. வேலை முடியும்வரை அந்தக் கூட்டை எந்தக் கரையில் கட்டிப்போடுவது என்னும் வினாவைத்தான் புலமையுலகம் தீண்டாமல் வைத்திருக்கிறது. அக்குறை நீங்க எழுந்தது இவ்வியல். இதற்கென்றே செய்துகொண்ட நூற்பா வருமாறு:

கூடு நீரது, கூட்டினை வீடாய்ச்
சமைக்குந் தொழிலோ கரையது என்ப.

கூடு என்றது, அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6, மேற்கட்டு 4 என்ற கணக்கில் பற்றவைத்த எஃகுப் பெட்டியை. எஞ்சின் பூட்டி, அடியில் பாரம் அடுக்கி, மேலே பலகைத் தரையும் போட்டுத் தந்தால் அதற்குச் செயிலவே என்று பெயர். எஞ்சின்கூட இல்லாதது வெறுங்கூடு. ‘தொழிலோ’ என்னும் ஓகாரம் பிரிநிலை. ‘என்ப’ என்றதற்கு எழுவாய் யார் எனின், மெரினா என்னும் வாடகைப் படகுத்துறையின் மேலாளரோடு பேசிவிட்டுத் தொலைபேசியைக் கீழே வைத்தவர் எல்லாரும் என்க.

இத்துன்பத்தின் வேர் 18ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. 1761இல் திறந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாயால் பெயர்பெற்ற ஜேம்ஸ் பிரிண்ட்லி, அடுத்து டிரென்ட் அண்ட் மெர்சி கால்வாயை வெட்டப் புறப்பட்டார். நடுவே ஹேர்காசில் குன்று நின்றது. அதை அகலமாகக் குடைந்தால் காசு போகும். படகை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏற்றி இறக்கும் லாக்குகளை அகலமாகக் கட்டினால் ஒவ்வொரு முறையும் தண்ணீர் போகும். சிக்கனக்காரரான அவர் ஏழடி போதும் என்று முடிவுகட்டினார். கால்வாய் 1777இல் முடிந்தது. அவர் 1772இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று அவர் மிச்சம்பிடித்த அகலத்தால் இன்றைக்கும் படகு 6 அடி 10 அங்குலத்தைத் தாண்டுவதில்லை. அகலவாக்கில் வளர முடியாதவன் நீளவாக்கில் வளர்கிறான்; 57 அடி, 60 அடி, 70 அடி. கரை வாடகையோ நீளத்தை அளந்துதான் வாங்கப்படும். பிரிண்ட்லி மிச்சம்பிடித்த காசை 250 ஆண்டுகளாகப் படகுக்காரர்கள் தவணையில் கட்டி வருகிறார்கள் என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

இனி உரிமம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழியைப் பார்த்துக்கொள்வது 2012 முதல் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட். அதன் உரிமம் இல்லாமல் அதன் நீரில் படகை வைத்திருக்க முடியாது. உரிமத்துக்குக் காப்பீடு வேண்டும். பாதுகாப்புக்கு உரிய தாள் வேண்டும். மூன்றாவதாக, படகுக்கு நிலையான ஒரு மூரிங், அதாவது கட்டிப்போடும் இடம், இருக்க வேண்டும். இடம் இல்லையா? அப்படியானால் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தங்காமல் உண்மையாகவே பயணம் செய்துகொண்டிருக்க வேண்டும். எஞ்சின் இல்லாத கூடு எங்கே பயணம் போகும்? எஞ்சின் பூட்ட ஓர் இடம் வேண்டும். இடம் கேட்டுப் போனால், படகு முடிந்துவிட்டதா, உரிமம் எடுத்தாயிற்றா என்கிறார்கள். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற நம் ஊர்ப் பழமொழி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கவனத்துக்கு எப்படிப் போனது என்பது தனி ஆய்வுக்கு உரியது.

கரைகளில் எளிதாகக் கிடைப்பது டோபாத் ஓரம். முன்பு படகை இழுத்த குதிரைகள் நடந்த பாதை அது. இன்று நாயோடு நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் அதை ஆள்கிறார்கள். அங்கே பிளைவுட்டைச் சாத்தி வைத்தால் வழிமறிப்பு. மின்சாரம் கிடையாது. ஜெனரேட்டர் வைத்துக்கொண்டாலும் இரவு 8 முதல் காலை 8 வரை அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி ஓட்டக்கூடாது. பதினான்காம் நாள், பாதி அறுத்த பலகையோடு கிளம்ப வேண்டும். இது பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

மெரினாவில் மின்சாரம் உண்டு, தண்ணீர் உண்டு, வண்டி நிறுத்த இடமுண்டு. மேலாளரும் முதலில் அன்பாகத்தான் பேசுவார்.

“எத்தனை அடி சார்?”

“57.”

“தாராளமா இடம் இருக்கு. படகுல வேலை ஏதாவது பாக்கி இருக்குதா?”

“உள்ள மட்டும் கொஞ்சம் இருக்கு.”

“உள்ளன்னா எந்தப் பக்கம்?”

“முன்னால இருந்து பின்னால வரைக்கும்.”

இதற்குப் பிறகு இடம் நிறைந்துவிடும். மெரினாக்களின் ஒலியிலக்கணத்தை ஆராய்ந்தால் ஒரு வரிசை புலப்படும். ஸ்குரூடிரைவர் வரவேற்கப்படும், டிரில் பொறுத்துக்கொள்ளப்படும், ஜிக்சா முகச்சுளிப்புக்கு உரியது, கிரைண்டர் வெளியேற்றத்துக்கு உரியது. கடைசி விதியில் நியாயம் இருக்கிறது. கிரைண்டரிலிருந்து தெறிக்கும் எஃகுப் பொறி பக்கத்துப் படகின் புதுப் பெயின்டில் பதிந்து, மழை பட்டதும் துருப்பிடித்து, அம்மை போட்டதுபோல் நிற்கும். பக்கத்துப் படகுக்காரர் ஓய்வுபெற்றவராகவும், அந்தப் பெயின்டைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடிப்பதற்காகவே படகு வாங்கியவராகவும் இருப்பார். அதோடு, பெரும்பாலான மெரினா இடங்கள் பொழுதுபோக்குக்கு உரியவை. குடியிருக்கத் திட்ட அனுமதி உள்ளவை கொஞ்சம். ஆக அங்கே குடியிருக்கவும் கூடாது, பட்டறை வைக்கவும் கூடாது. கூட்டுக்காரருக்கோ வீடு விற்ற கையோடு, பட்டறைக்குள் குடியிருக்க வேண்டியிருக்கிறது.

மெரினாவில் அண்டை அயலார் பேசிக்கொள்ளாவிட்டாலும் படகுகள் பேசிக்கொள்ளும் என்பதை இங்கே குறிக்க வேண்டும். கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் படகுகள் அனைத்தும் எர்த் கம்பி வழியே ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. நடுவே நீர் இருக்கிறது. ஆக அந்தத் துறை முழுவதும் ஒரு மாபெரும் பாட்டரி. தடுப்புக் கருவியான கால்வானிக் ஐசொலேட்டர் இல்லாத படகின் அடித்தகடு, முன்பின் தெரியாத ஒருவரின் படகுக்காக மெல்ல மெல்லக் கரையும். தியாகத்துக்கென்றே மக்னீசியக் கட்டிகளை நீர்மட்டத்துக்குக் கீழே பற்றவைத்திருப்பார்கள், அவை முதலில் போகும், அடுத்தது எஃகு. கூட்டுக்காரர் உள்ளே சுவர்ப்பலகைக்கு என்ன வண்ணம் என்று மனைவியோடு வாதாடிக்கொண்டிருக்கும்போது, வெளியே இது நடந்துகொண்டிருக்கும்.

எனவே அறிவுடையோர் நாடுவது பண்ணைக்கரை. டோபாத்துக்கு எதிர்க்கரையில் வயலோ தோட்டமோ வைத்திருக்கும் விவசாயி நாலைந்து படகுகளைக் கட்ட இடம் விடுவார். நிலம் அவருடையது, நீர் டிரஸ்டுடையது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியில் மிதக்கிற படகுக்காரர் இருவருக்கும் செலுத்த வேண்டும். ஆனால் விவசாயியிடம் ஒரு பெருங்குணம் உண்டு: அவரிடமே கிரைண்டர் இருக்கிறது. டிராக்டரும் வெல்டிங் கருவியும் இருக்கின்றன. விடியற்காலை ஐந்து மணிக்குப் பால்கறக்கும் இயந்திரத்தை ஓடவிடுகிறவர் பிறர் எழுப்பும் சத்தத்தைக் குற்றம் சொல்ல வரமாட்டார். மாடுகளும் சொல்வதில்லை. அவை வேலிவரை வந்து, வரிசையாக நின்று, பலகை அறுபடுவதை அசைபோட்டபடியே பார்க்கும். டோபாத்தில் நின்று பார்க்கும் மனிதர்களைவிட இவை மேல். குளிர்காலத்தில் உள்ளே குளிருமா என்று கேட்பதில்லை.

பண்ணைக்கரையின் குறை பாதையில் இருக்கிறது. எட்டுக்கு நாலடி பிளைவுட் தகடுகள் நாற்பது, ஐம்பது வர வேண்டும். அடுப்பு வர வேண்டும். குளியல்தொட்டி வர வேண்டும். கொண்டுவரும் லாரி, கால்வாய் வெட்டிய காலத்துக் கூன்முதுகுப் பாலத்தின் முன் நின்று, எடைப்பலகையைப் படித்துவிட்டு, சாமானை அங்கேயே இறக்கிவிட்டுத் திரும்பும். மீதி தூரம் தள்ளுவண்டி. நவம்பர் முதல் மார்ச் வரை அதன் சக்கரம் சேற்றுக்குள். கொட்டகையிலிருந்து இழுத்துவரும் மின்கம்பி நீள நீள, மறுமுனையில் ரம்பம் இளைக்கும். இந்தக் கட்டத்தில்தான் ஓர் உண்மை புலனாகிறது. படகுக்கு இடம் தேடுகிறோம் என்று நினைத்துக் கிளம்பியவர் தேடிக்கொண்டிருந்தது நீரை அன்று. லாரி வரும் வழியையும், ஒரு பிளக் பாயிண்டையும், காது மந்தமான அண்டை வீட்டுக்காரரையும். நூற்பாவின் இரண்டாம் அடிக்கு இதுவே பொருள்.

அப்படியாயின் கூட்டைத் தரையிலேயே, ஒரு கொட்டகைக்குள் வைத்து வேலையை முடித்துவிட்டுப் பிறகு நீரில் இறக்கினால் என்ன என்பது தடை. நல்ல தடைதான். பல டன் எடையைக் கிரேனால் தூக்குவதற்கான செலவு ஒருபுறம் இருக்க, தரையில் வேலை செய்வோருக்கு ரசமட்டம் பயன்படும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மிதக்கும் கூட்டுக்குள் ரசமட்டத்துக்கு வேலையே இல்லை. இடப்பக்கம் பத்துப் பலகையைச் சாய்த்து வைத்தால் படகு இடப்பக்கம் சாயும். தச்சர் குமிழைப் பார்க்க வலப்பக்கம் நடந்தால் வலப்பக்கம் சாயும். காலையில் நேராக இருந்த அலமாரி, மாலையில் தண்ணீர்த்தொட்டியை நிரப்பியதும் முன்பக்கம் குனியும். மேற்கட்டின் சுவர்களோ உள்நோக்கிச் சரிந்தே கட்டப்பட்டவை. எனவே மட்டம் என்பது பூமியோடு பிறந்தது என்னும் நம்பிக்கையை விட்டு, தரைப்பலகையையே மட்டமாகக் கொண்டு, அதிலிருந்து மூலைமட்டம் வைத்து அளந்து போவதே இத்தொழிலின் மரபு.

ஆனாலும் நீரில்தான் செய்ய வேண்டும் என்பது விடை. ஏனெனில், படகின் அடியில் எவ்வளவு செங்கல், எவ்வளவு நடைபாதைக் கல் அடுக்கினால் அது நேராக நிற்கும் என்பதை நீர்தான் சொல்லும். கொட்டகையில் கட்டிமுடித்து இறக்கிய பின், அடுப்பும் குளிர்பெட்டியும் ஒரே பக்கம் அமைந்துவிட்டதைப் படகே தலைசாய்த்துக் காட்டும். அப்போது கல்லை மாற்றி அடுக்கத் தரையைப் பெயர்க்க வேண்டும்; தரையைப் பெயர்க்க அலமாரியைக் கழற்ற வேண்டும்; அலமாரியின் திருகாணிகளை எங்கே ஒளித்தோம் என்று நினைவுகூர வேண்டும்.

முன்னோர் வழக்கு உண்டோ எனின், உண்டு. பொறியாளர் எல். டி. சி. ரோல்ட் 1939இல் ‘கிரெஸ்ஸி’ என்னும் பழைய மரப்படகை, ஆக்ஸ்போர்டு கால்வாயில் பான்பரியிலுள்ள டூலி படகுத்துறையில் வைத்து வீடாக்கி, அந்தக் கோடையிலேயே மனைவி ஏஞ்சலாவோடு புறப்பட்டார். அப்பயணம் ‘நேரோ போட்’ என்ற நூலாக 1944இல் வந்தது. அதைப் படித்த ராபர்ட் ஐக்மன் ரோல்ட்டைத் தேடிவர, 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்தது. அழிய இருந்த கால்வாய்கள் பல பிழைத்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. இவ்வளவுக்கும் காரணம் ரோல்ட்டின் உரைநடை என்பர் இலக்கியவாணர். இவ்வாய்வாளர் உடன்படவில்லை. சுத்தியல் சத்தமே இயல்பான சத்தமாக இருந்த, 1790இலிருந்து உலர்துறையும் தச்சரும் உள்ள ஓர் இடம் அவருக்குக் கிடைத்தது, அதுதான் காரணம். அந்தத் துறை இன்றும் இருக்கிறது. அதைச் சுற்றிலும் ஒரு வணிக வளாகம் எழுந்துவிட்டது.

அத்தகைய படகுத்துறைகளே கூட்டுக்காரருக்கு உகந்தவை. ஆகவே அங்கே எப்போதும் இடமில்லை. ஏற்கெனவே இருப்பவர் வேலையை முடித்துக் கிளம்பினால்தான் அடுத்தவருக்கு முறை. வேலை முடிவது அரிது. ஆறு மாதம் என்று சொல்லி வந்தவர் மூன்றாம் குளிர்காலத்தில் சலித்துப்போய், தரையும் பாதிச் சுவரும் உள்ள கூட்டை விலைக்குப் போடுவார். இடம் தேடிக் களைத்த நம்மவர், அந்தப் படகை வாங்கினால் அந்த இடமும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, கடன் வாங்கி முடிப்பார். மூரிங் ஒப்பந்தம் பெரும்பாலும் படகோடு கைமாறுவதில்லை என்பது பத்திரத்தின் பின்பக்கத்தில் இருக்கும். இப்போது அவர் இரண்டு கூடுகளுக்குக் கரை தேடுகிறார்.