ஒன்பதாவது லிங்கம்

திருவண்ணாமலையில் என் மாமா சின்னதாக ஒரு லாட்ஜ் வைத்திருக்கிறார். "நம்ம வெப்சைட்ல படம் நின்ன இடத்துலயே நிக்குது மாப்ளே. ஓடணும்" என்றார். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவனுக்குச் சொந்த ஊரில் எலெக்ட்ரீஷியனுக்குச் சற்றுக் கீழான இடம்தான். எலெக்ட்ரீஷியனுக்குக் கூலி உண்டு.

படம் ஓட ஸ்லைடர் வேண்டும், ஸ்லைடருக்கு ஜாவாஸ்கிரிப்ட். 1995 மே மாதம் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் செய்த மொழி அது. பத்து நாளில் நாங்கள் கொடியேற்றி, தேரிழுத்து, 2,668 அடி மலையுச்சியில் தீபமே ஏற்றிவிடுவோம் என்பதால் நான் அசரவில்லை. அசந்திருக்கலாம்.

கிரிவலப் பாதையின் எட்டு லிங்கக் கோயில்களையும் வெளியிலிருந்து படமெடுத்து, மூன்று விநாடிக்கொன்று மாறும்படி டைமர் வைத்தேன். இந்திர லிங்கம், அக்னி லிங்கம் என்று அழகாகப் போய், ஈசான்யம் தாண்டியதும் வெள்ளைக் கட்டம் வந்தது. மூலையில் கிழிந்த படச் சின்னம்.

"எட்டுதானே மாப்ளே, இது எந்த லிங்கம்?"

ஜாவாஸ்கிரிப்ட் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். இந்திரன் பூஜ்ஜியம், ஈசான்யன் ஏழு. நான் எட்டுவரை போகச் சொல்லியிருந்தேன். எண்ணை எட்டால் வகுத்து மீதியை எடு என்று ஒரு வரி சேர்த்தால், ஏழுக்கு அப்புறம் மறுபடி பூஜ்ஜியம். 14 கிலோமீட்டர் சுற்றி ராஜகோபுரத்துக்கே வந்து சேருவது போல. விலாவாரியாக விளக்கினேன். "இந்திரன் பூஜ்ஜியமா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு எம லிங்கத்தில் வந்து மாட்டினோம். எல்லாப் படத்தின் மேலும் நிற்கும்படி ஒரு எழுத்துப் பட்டை போட்டிருந்தேன். மூன்றாவது படத்தில் அது எமன் தலைக்கு மேல் வந்து, 'உங்களை அன்புடன் அழைக்கிறோம்' என்றது. பட்டையை உடனே எடுத்தேன். குபேர லிங்கம் மட்டும் கொஞ்சம் நின்று போகட்டும் என்றார்; 3,000 மில்லிவிநாடியை 9,000 ஆக்கினேன். பௌர்ணமிக் கூட்டமும் அங்கேதான் நகராமல் நிற்கிறது.

அத்தோடு முடிந்தது என்றிருந்தேன்.

"மாப்ளே, இது அப்பிரதட்சணமாப் போவுது."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காபி டம்ளரை மேஜையில் கவிழ்த்தார். "இதான் மலை. மலையப் பாத்து நில்லு. வலம் வரணும்னா எந்தப் பக்கம் திரும்புவ?" இடப்பக்கம், அப்போதுதான் மலை வலக்கைப் பக்கம் வரும். "அப்ப அடுத்த லிங்கம் இடப்பக்கமா வரணுமா, இல்லியா? உன்னுது வலப்பக்கமா வருது."

ஸ்லைடர்கள் பெரும்பாலும் அப்படித்தான் மாமா, இடமிருந்து வலம் படிக்கிறவர்கள் செய்தது என்று வாதாடிப் பார்த்தேன். டம்ளர் அவர் கட்சியில் இருந்தது. படவரிசையைத் திருப்பிப் போட்டு, நகர்த்தும் எண்ணின் முன்னிருந்த கழித்தல் குறியை அழித்தேன். முந்தைய படத்துக்குப் போகும் அம்புக்குறியையும் எடுக்கச் சொன்னார். எவனாவது அதை அமுக்கிப் பாதி கிரிவலத்தில் திரும்பினால் பாவம் லாட்ஜுக்கு வருமாம்.

அடுத்த பௌர்ணமிக்கு வந்து தங்கிய குடும்பத்திடம், வெப்சைட் பார்த்தீங்களா என்று மாமா ஆசையாக விசாரித்திருக்கிறார். "பாத்தோம் சார், ஓடிக்கிட்டே இருந்துச்சு. நம்பர்தான் எங்கயும் காணோம். ஆட்டோக்காரரு கூட்டிட்டு வந்தாரு."

எமன் தலைக்கு மேலிருந்து நான் எடுத்த பட்டையில்தான் போன் நம்பரும் இருந்தது.